வெய்மாரின் வீழ்ச்சி – 14: கதவைத் திறந்துவிட்டவர்

சென்ற இதழில் ஹைன்ரிஷ் ப்ரூனிங்கின் வீழ்ச்சியோடு நிறுத்தியிருந்தோம். 1932 மே 30 அன்று, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நாட்டை நடத்திவந்த சான்சலரைக் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் சில நிமிடச் சந்திப்பில் பதவியிலிருந்து இறக்கினார். அவருக்குப் பிறகு யார் என்று பெர்லினில் பல பெயர்கள் அடிபட்டன. ஃபிரான்ஸ் வான் பாப்பென் என்ற பெயரை எதிர்பார்த்தவர்கள் வெகு சிலரே. அதுவரை அவர் அமைச்சராக இருந்ததில்லை. ரைக்ஸ்டாக் உறுப்பினராகக்கூட இருந்ததில்லை. அடுத்த எட்டு மாதங்களில் ஜெர்மனியின் தலைவிதியை வேறெவரையும் விட அதிகமாக மாற்றியவர் அவர்தான். இந்தத் தொடரில் ஒரு தனி மனிதருக்கு முழு அத்தியாயம் ஒதுக்குவது இது முதல்முறை. அதற்கான காரணம் போகப்போகத் தெரியும்.

பாப்பென் 1879 அக்டோபர் 29 அன்று வெஸ்ட்ஃபாலியாவில் உள்ள வெர்ல் என்ற சிற்றூரில் பிறந்தார். உப்புக் காய்ச்சும் உரிமையைப் பரம்பரை பரம்பரையாக வைத்திருந்த பழைய கத்தோலிக்கப் பிரபுக் குடும்பம். சிறுவயதிலேயே ராணுவப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். குதிரைப்படை அதிகாரியானார், குதிரையேற்றத்தில் பெயர் பெற்றார். 1905-இல் அவர் மணந்துகொண்ட மார்த்தா, சார் பகுதியில் பீங்கான் தொழிலில் கொடிகட்டிப் பறந்த போக் குடும்பத்துப் பெண். வில்லெராய் அண்ட் போக் என்ற நிறுவனப் பெயரை இன்றும் பீங்கான் தட்டுகளின் அடியில் காணலாம். அந்தத் திருமணம் அவருக்குச் செல்வத்தையும், தொழிலதிபர்களின் அறிமுகத்தையும், சரளமான பிரெஞ்சையும் தந்தது. பழகுவதற்கு இனியவர், பேச்சில் நயமானவர், எந்த விருந்திலும் பொருந்திப்போகிறவர் என்பதில் நண்பர்களும் எதிரிகளும் ஒத்துப்போகிறார்கள். ஆழமானவர் என்று சொன்னவர்கள் குறைவு.

முதல் உலகப் போர் தொடங்கியபோது அவர் வாஷிங்டனில் ஜெர்மன் தூதரகத்தின் ராணுவப் பிரதிநிதி. அப்போது அமெரிக்கா நடுநிலை நாடு. அந்த மண்ணில் இருந்துகொண்டே நேச நாடுகளுக்கு எதிரான நாசவேலைகளுக்குப் பணம் கொடுத்தார். இந்திய வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தியும் இங்கே உண்டு. கதர் இயக்கத்தினருக்கும் வங்கப் புரட்சியாளர்களுக்கும் அனுப்புவதற்காக ஏறத்தாழ 8,000 துப்பாக்கிகளும் 40 லட்சம் தோட்டாக்களும் அமெரிக்காவில் வாங்கப்பட்டு, 1915-இல் ‘ஆனி லார்சன்’ என்ற கப்பலில் ஏற்றப்பட்டனவே, அந்தக் கொள்முதலை ஏற்பாடு செய்தவர் பாப்பென்தான். க்ரூப் நிறுவனத்தின் அமெரிக்க முகவர் வழியாக அது நடந்தது. பசிபிக் பெருங்கடலில் வேறொரு கப்பலுக்கு மாற்றப்பட வேண்டிய சரக்கு மாறவே இல்லை. கடைசியில் அமெரிக்க அதிகாரிகள் அதைப் பறிமுதல் செய்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் பாப்பெனை அமெரிக்கா வெளியேற்றியது. ஊர் திரும்பும் வழியில் ஃபால்மத் துறைமுகத்தில் பிரிட்டிஷார் அவருடைய பெட்டிகளைச் சோதனையிட்டபோது, யார் யாருக்குப் பணம் கொடுத்தார் என்ற விவரம் அடங்கிய காசோலை அடிக்கட்டைகளும் அகப்பட்டன. ரகசிய வேலை பார்த்த ஒருவர் அந்தக் கட்டைகளைக் கையோடு எடுத்துச் சென்றார். விளைவுகளை யோசிக்காத இந்த அலட்சியம் அவரிடம் கடைசிவரை இருந்தது.

பிறகு மேற்கு முனையில் போர். அதன்பின் பாலஸ்தீனத்தில் துருக்கியப் படைகளுடன் பணி. திரும்பி வந்தபோது கைசரும் இல்லை, அவர் சத்தியப்பிரமாணம் செய்த பேரரசும் இல்லை. குடியரசை அவர் மனம் ஒருநாளும் ஏற்கவில்லை. ஆனாலும் அந்தக் குடியரசைத் தாங்கிநின்ற கட்சிகளில் ஒன்றான கத்தோலிக்க மையக் கட்சியில் சேர்ந்தார். 1921-இல் பிரஷ்ய மாநில சட்டமன்றத்துக்குப் போனார். கட்சியின் நாளேடான ‘ஜெர்மானியா’வில் பெரும் பங்குகளை வாங்கி நிர்வாகக் குழுத் தலைவரானார். 1925 குடியரசுத் தலைவர் தேர்தலில் தன் கட்சியின் வேட்பாளர் வில்ஹெல்ம் மார்க்ஸை விட்டுவிட்டு, எதிர் அணியின் ஹிண்டன்பர்க்கை வெளிப்படையாக ஆதரித்தார். கட்சி அவரை நீக்கவில்லை. நாளேட்டில் அவர் வைத்திருந்த பங்குகளும் அதற்கு ஒரு காரணம். ஹிண்டன்பர்க் அந்த உதவியை மறக்கவில்லை.

பாப்பெனைச் சான்சலர் நாற்காலிக்குத் தேர்ந்தெடுத்தவர் ஜெனரல் கர்ட் வான் ஷ்லைகர். ராணுவத்தின் அரசியல் மூளை என்று அறியப்பட்ட அவரை முந்தைய அத்தியாயங்களில் பார்த்திருக்கிறோம். ஷ்லைகருக்கு முன்னால் நிற்க ஒரு முகம் தேவைப்பட்டது. யோசிக்கும் வேலையைத் தான் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். பாப்பெனிடம் தலை இல்லையே என்று ஒருவர் கேட்டதற்கு, அவர் தலையாக இருக்க வேண்டியதில்லை, தொப்பியாக இருந்தால் போதும் என்று ஷ்லைகர் பதில் சொன்னதாக அன்றைய பெர்லினில் பேசிக்கொண்டார்கள். அந்தத் தொப்பிக்குத் தனி ஆசைகள் உண்டு என்பதை ஷ்லைகர் ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டார்.

மே 31 அன்று நடந்தது பாப்பெனின் வாழ்க்கை முழுவதையும் விளக்கிவிடுகிறது. தங்கள் கட்சியைச் சேர்ந்த ப்ரூனிங்கைக் கவிழ்த்தவர்களோடு மையக் கட்சியிலிருந்து யாரும் சேரக் கூடாது என்பது கட்சித் தலைவர் லூட்விக் காஸின் நிலை. பாப்பென் அவரைச் சந்தித்து, பதவியை ஏற்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அங்கிருந்து நேராக ஹிண்டன்பர்க்கிடம் போனார். கிழவர் அவரை ஒரு படைவீரனாக விளித்து, தாய்நாடு அழைக்கிறது, கடமையைச் செய் என்றார். பாப்பென் ஒப்புக்கொண்டார். ஜூன் 1 அன்று சான்சலர். இரண்டு நாள் கழித்துக் கட்சியிலிருந்து விலகல். காஸுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பொழுதுகூட நிற்கவில்லை.

அவருடைய அமைச்சரவையைப் பிரபுக்களின் அமைச்சரவை என்று நாடே அழைத்தது. வெளியுறவுக்கு நியூராத், உள்துறைக்கு காய்ல், நிதிக்கு ஷ்வெரின் வான் க்ரோசிக், வேளாண்மைக்கு மாக்னுஸ் வான் பிரவுன். பின்னாளில் ராக்கெட் விஞ்ஞானியான வெர்னர் வான் பிரவுனின் தந்தை இவர். பாதுகாப்புத் துறையை ஷ்லைகரே எடுத்துக்கொண்டார். 60 லட்சம் பேர் வேலையில்லாமல் நின்ற நாட்டில், உழைப்பாளிகளின் பிரதிநிதி என்று சொல்ல ஒருவர்கூட இல்லாத அமைச்சரவை. ரைக்ஸ்டாக்கில் அதை ஆதரித்தது ஏறக்குறைய ஹூகன்பெர்க்கின் தேசியக் கட்சி மட்டும்தான். பெரும்பான்மை தேவையில்லை, அரசியல் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரின் அவசர ஆணைகள் போதும் என்பது கணக்கு. அந்தப் பிரிவு இப்படிப் பழகிப்போனதை ப்ரூனிங் காலத்திலேயே பார்த்தோம். ப்ரூனிங் அதைக் குடியரசைக் காப்பாற்றப் பயன்படுத்துவதாக நம்பினார். பாப்பெனுக்கு அந்த நம்பிக்கையும் இல்லை. கட்சிகளும் தேர்தல்களும் ஆட்சியைத் தீர்மானிக்காத, மேலிருந்து நடத்தப்படும் ஓர் அரசை அமைப்பதுதான் அவர் நோக்கம். அதை அவர் ‘புதிய அரசு’ என்று அழைத்தார்.

ஹிட்லரின் சகிப்பைப் பெறுவதற்காக ரைக்ஸ்டாக்கைக் கலைத்துத் தேர்தல் அறிவித்தார். ப்ரூனிங் ஏப்ரலில் தடை செய்திருந்த எஸ்.ஏ. என்ற பழுப்புச் சட்டைப் படையின் மீதான தடையை ஜூன் நடுவில் நீக்கினார். தெருக்களில் ரத்தம் ஓடத் தொடங்கியது. ஜூலை 17 அன்று ஹாம்பர்க்கை ஒட்டிய ஆல்டோனாவில் நாஜி ஊர்வலம் தொழிலாளர் குடியிருப்புகள் வழியாகப் போனபோது மூண்ட மோதலில் 18 பேர் இறந்தார்கள்.

அவருக்குச் சேர வேண்டிய ஒரு பெருமையைச் சொல்லிவிட வேண்டும். அதே ஜூலையில் லோசான் மாநாட்டில், போர் இழப்பீட்டுச் சுமை நடைமுறையில் ஜெர்மனியின் தோளிலிருந்து இறங்கியது. கடைசித் தவணையாக 300 கோடி மார்க் என்று எழுதப்பட்டது; அதுவும் செலுத்தப்படவே இல்லை. ஆனால் அதற்கான களத்தைத் தயார் செய்தவர் ப்ரூனிங். ஊர் திரும்பிய பாப்பெனுக்கு அந்த வெற்றியால் ஓர் ஓட்டும் கூடவில்லை.

இப்போது 1932 ஜூலை 20-க்கு வருவோம். வெய்மார் குடியரசு இறந்த தேதி 1933 ஜனவரி 30 என்று பள்ளிப் பாடங்கள் சொல்கின்றன. எனக்கு இந்த ஜூலை 20 தான் அந்தத் தேதி.

ஜெர்மனியின் நிலப்பரப்பிலும் மக்கள் தொகையிலும் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு பிரஷ்யா. அந்த மாநிலத்தைப் பெரும்பாலான ஆண்டுகள் ஆண்டவர் சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டோ பிரவுன். மத்தியில் ஆட்சிகள் மாறிமாறிக் கவிழ்ந்தபோதெல்லாம் பிரஷ்யா அசையாமல் நின்றது. குடியரசுக்கு விசுவாசமான ஒரு பெரிய காவல்துறை அங்கே இருந்தது. நாஜிகள் மிகவும் வெறுத்தது அந்தக் காவல்துறையைத்தான். குறிப்பாக பெர்லின் காவல்துறையின் துணைத் தலைவர் பெர்ன்ஹார்ட் வைஸ் ஒரு யூதர் என்பதால், கோயபல்ஸ் தன் பத்திரிகையில் அவரை ஆண்டுக்கணக்கில் இழிவுபடுத்திவந்தார். 1932 ஏப்ரல் தேர்தலில் பிரவுனின் கூட்டணி பெரும்பான்மையை இழந்தது. வேறு எவரும் அரசு அமைக்க முடியாததால் அது காபந்து அரசாகத் தொடர்ந்தது. பாப்பெனுக்கு அந்தப் பலவீனம் போதுமானதாக இருந்தது.

ஜூலை 20 காலை பிரஷ்ய அமைச்சர்களைத் தன் அலுவலகத்துக்கு அழைத்தார். பிரவுன் உடல்நலமின்றி விடுப்பில் இருந்தார். ஆல்டோனா மோதலைக் காரணம் காட்டி, பிரஷ்யாவில் சட்டம் ஒழுங்கு குலைந்துவிட்டது என்றும், ஹிண்டன்பர்க்கின் ஆணைப்படி பிரவுன் அரசு நீக்கப்படுகிறது என்றும், தானே ஆணையராகப் பொறுப்பேற்பதாகவும் அறிவித்தார். எஸ்.ஏ. தடையை நீக்கி அந்த மோதலுக்கு வழிவிட்டவரும் அவரே என்பதை அந்த அறையில் இருந்த எல்லோரும் அறிவார்கள். உள்துறை அமைச்சர் கார்ல் செவரிங், பலவந்தத்துக்கு மட்டுமே பணிவேன் என்றார். பெர்லினில் அவசர நிலை. அதிகாரம் ஜெனரல் ருண்ட்ஷ்டெட்டிடம். காவல்துறைத் தலைவர் க்ரெசின்ஸ்கி, துணைத் தலைவர் வைஸ், தளபதி ஹைமன்ஸ்பெர்க் மூவரும் கைதானார்கள். பதவியை விட்டு விலகுவதாக எழுதிக்கொடுத்ததும் விடுவிக்கப்பட்டார்கள். மாலைக்குள் எல்லாம் முடிந்தது.

ஏன் யாரும் எதிர்க்கவில்லை? இந்தக் கேள்வி ஜெர்மன் சமூக ஜனநாயகவாதிகளைப் பல பத்தாண்டுகள் துரத்தியது. 1920-இல் காப் என்பவரின் ராணுவக் கலகத்தைப் பொது வேலைநிறுத்தம் ஒன்றே முறியடித்தது. 1932-இல் ஒவ்வொரு தொழிற்சாலை வாயிலிலும் வேலைக்காக ஏங்கி நிற்கும் கூட்டம். யாரை நம்பி வேலைநிறுத்தம் செய்வது? காவல்துறை ராணுவத்தை எதிர்த்தால் உள்நாட்டுப் போர். அதில் கம்யூனிஸ்டுகள் துணைக்கு வருவார்களா என்றும் தெரியாது. பதினொரு நாளில் தேர்தல் வேறு. வழக்குப் போட்டார்கள். லைப்சிக் நீதிமன்றம் அக்டோபரில் தந்த தீர்ப்பு, பிரவுன் அரசுக்குப் பெயரளவு உரிமைகளைத் திருப்பித் தந்துவிட்டு, அதிகாரத்தை ஆணையரிடமே விட்டுவைத்தது. அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கோயபல்ஸும் கோரிங்கும் அன்று ஒரு பாடம் படித்துக்கொண்டார்கள்: ஒரு கையெழுத்தும் சில ராணுவ லாரிகளும் இருந்தால் குடியரசின் கோட்டை திறந்துவிடும்.

ஜூலை 31 தேர்தலில் நாஜிகள் 1 கோடியே 37 லட்சம் ஓட்டுகளும் 230 இடங்களும் பெற்று ரைக்ஸ்டாக்கின் மிகப் பெரிய கட்சியானார்கள். ஆகஸ்ட் 13 அன்று சான்சலர் பதவியை ஹிட்லர் கேட்டார். ஹிண்டன்பர்க் மறுத்தார்.

அதே ஆகஸ்டில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கே பதிவு செய்தே ஆக வேண்டும். மேல் சிலேசியாவின் பொடெம்பா கிராமத்தில் எஸ்.ஏ. ஆட்கள் இரவில் ஒரு வேலையில்லாத தொழிலாளியின் வீட்டுக்குள் புகுந்து, தாயின் கண்முன்னே அவரை மிதித்துக் கொன்றார்கள். அரசியல் கொலைகளுக்கு மரண தண்டனை என்ற பாப்பென் அரசின் ஆணை சில மணி நேரத்துக்கு முன்புதான் அமலுக்கு வந்திருந்தது. பாய்தென் நகரின் சிறப்பு நீதிமன்றம் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது. ஹிட்லர் அந்தக் கொலையாளிகளைத் தன் தோழர்கள் என்று அழைத்து, அவர்களின் விடுதலை தன் கௌரவப் பிரச்சினை என்று தந்தி அனுப்பினார். தந்தி பகிரங்கமாக வெளியானது. அதன் பிறகும், பிரஷ்யாவின் ஆணையர் என்ற அதிகாரத்தில் பாப்பென் அந்தத் தண்டனைகளை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். 1933 மார்ச்சில் ஐவரும் வெளியே வந்துவிட்டார்கள். ஹிட்லர் எப்படிப்பட்டவர் என்று தனக்குத் தெரியாமல் போயிற்று என்று பின்னாளில் எழுதிய மனிதரின் மேசைக்கு 1932 ஆகஸ்டிலேயே வந்துசேர்ந்த கோப்பு இது.

செப்டம்பர் 12 அன்று ரைக்ஸ்டாக் கூடியது. அவைத் தலைவர் நாற்காலியில் ஹெர்மன் கோரிங். கம்யூனிஸ்டுகள் எதிர்பாராத விதமாக நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை உடனே ஓட்டுக்கு விட வேண்டும் என்றார்கள், எவரும் ஆட்சேபிக்கவில்லை. பாப்பென் கலைப்பு ஆணையைக் கையில் எடுத்து வரவில்லை. அரை மணி நேர இடைவேளையில் ஆளனுப்பி, அத்தகைய ஆணைகளை வைக்கும் சிவப்பு உறையோடு திரும்பி வந்தார். பேச எழுந்தார், கோரிங் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வாக்கெடுப்பைத் தொடங்கிவிட்டார். பாப்பென் அந்தத் தாளைக் கோரிங்கின் மேசையில் வைத்துவிட்டு அமைச்சர்களோடு வெளியேறினார். தீர்மானத்துக்கு ஆதரவாக 512, எதிராக 42. ஆணைப்படி சபை கலைந்ததுதான் செல்லும். ஆனால் ஜெர்மன் நாடாளுமன்ற வரலாற்றில் ஒரு சான்சலருக்கு அதற்குமுன் இப்படி ஒரு தோல்வி நேர்ந்ததில்லை.

நவம்பர் 6-இல் மறுபடியும் தேர்தல். நாஜிகள் 20 லட்சம் ஓட்டுகளை இழந்தார்கள். இடங்கள் 196 ஆகக் குறைந்தன. கட்சிக்குக் கடன் ஏறியது, தொண்டர்கள் சோர்ந்தார்கள், டிசம்பரில் கட்சியின் அமைப்பு வேலைகளைக் கவனித்த கிரெகோர் ஷ்ட்ராசரே பதவிகளை விட்டு விலகினார். இந்தச் சரிவை வாசகர்கள் மனதில் இருத்த வேண்டும். ஹிட்லரை மக்கள் அலை ஒன்று பதவியில் கொண்டுபோய் உட்காரவைத்தது என்ற கதைக்கு இது முரண்.

பாப்பென் நவம்பர் 17 அன்று ராஜினாமா செய்தார். டிசம்பர் 1 மாலை ஹிண்டன்பர்க்கிடம் ஒரு திட்டம் வைத்தார்: ரைக்ஸ்டாக்கைக் கலைப்பது, தேர்தலை ஒத்திவைப்பது, எதிர்ப்பை ராணுவத்தால் அடக்குவது, அரசியல் சட்டத்தை மாற்றுவது. ஹிண்டன்பர்க் இணங்கினார். மறுநாள் ஷ்லைகர் தன் அதிகாரி ஓட் என்பவரை அமைச்சரவை முன் நிறுத்தினார். நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் ஒரே நேரத்தில் கிளம்பினால், பொது வேலைநிறுத்தமும் சேர்ந்துகொண்டால், எல்லையையும் பார்த்துக்கொண்டு ராணுவத்தால் தாங்க முடியாது என்று ஓட் விளக்கினார். ஹிண்டன்பர்க் கண் கலங்க பாப்பெனை விட்டுக்கொடுத்தார். ஷ்லைகர் சான்சலரானார். கிழவர் பாப்பெனுக்குத் தன் கையெழுத்திட்ட படம் ஒன்றைப் பரிசளித்தார். அதைவிட முக்கியம், அரசுக் குடியிருப்பை பாப்பென் காலி செய்யவில்லை. ஹிண்டன்பர்க் அப்போது தங்கியிருந்த இடத்துக்கு அங்கிருந்து தோட்டங்கள் வழியாகவே நடந்து போய்விடலாம். சான்சலர் ஷ்லைகர் முன்னனுமதி வாங்கிக் காத்திருக்க, முன்னாள் சான்சலர் நினைத்தபோது உள்ளே போய்வந்தார்.

1933 ஜனவரி 4. கொலோன் நகரில் வங்கியாளர் கர்ட் வான் ஷ்ரோடரின் வீடு. பாப்பெனும் ஹிட்லரும் மூடிய அறையில் பேசினார்கள். ரகசியமாக இருக்க வேண்டிய சந்திப்பு. ஆனால் வாசலில் புகைப்படக்காரர் காத்திருந்தார், மறுநாள் பெர்லின் பத்திரிகையில் செய்தி வந்துவிட்டது. தன்னைக் கைவிட்ட ஷ்லைகரைக் கவிழ்க்க வேண்டும் என்ற வன்மம் பாப்பெனுக்கு. தேய்ந்துகொண்டிருந்த கட்சிக்கு ஒரு வழி வேண்டும் என்ற அவசரம் ஹிட்லருக்கு. ஜனவரி 15 அன்று லிப்பே என்ற குட்டி மாநிலத்தில் நாஜிகள் பணத்தையும் ஆட்களையும் கொட்டி 39.5 சதவீதம் வாங்கினார்கள். சுமார் ஒரு லட்சம் பேர் ஓட்டளித்த தேர்தல் அது. அதைத் தேசத்தின் தீர்ப்பு என்று முரசறைந்தார்கள். ஜனவரி 22 இரவு, தாலெமில் ரிப்பன்ட்ராபின் வீட்டில், குடியரசுத் தலைவரின் மகன் ஓஸ்கரும் செயலாளர் மைஸ்னரும் ஹிட்லரைச் சந்தித்தார்கள். தான் சான்சலராக வேண்டும் என்ற எண்ணத்தை பாப்பென் அந்த வாரத்தில் கைவிட்டார். ஹிட்லர் சான்சலர், தான் துணைச் சான்சலர். கூடவே பிரஷ்யாவின் ஆணையர். ஜனவரி 28 அன்று ஷ்லைகர் விலகினார்.

30 திங்கட்கிழமை காலை, ஷ்லைகர் பொட்ஸ்டாம் படையைக் கொண்டு கலகம் செய்யப் போகிறார் என்ற வதந்தி நகரில் சுற்றியது. பாப்பென் அந்த வதந்தியை நன்றாகப் பயன்படுத்தினார்: 11 மணிக்குள் புதிய அரசு பதவியேற்காவிட்டால் ராணுவ ஆட்சி என்று தயங்கியவர்களை விரட்டினார். ஹிண்டன்பர்க்கின் அறைக்குப் போகும் வழியில் ஹூகன்பெர்க் முரண்டு பிடித்தார். புதிய தேர்தல் வேண்டும் என்று ஹிட்லர் கேட்பதை அவர் அப்போதுதான் சரியாகப் புரிந்துகொண்டார். அந்தத் தேர்தல் தங்களை விழுங்கிவிடும் என்று அவர் பயந்தது நியாயமே. வாக்குவாதம் நீண்டது, குறித்த நேரம் கடந்தது, குடியரசுத் தலைவரைக் காக்கவைக்க முடியாது என்று மைஸ்னர் வந்து சொன்னார். ஹூகன்பெர்க் அடங்கினார். நண்பகலை ஒட்டி ஹிட்லர் சத்தியப்பிரமாணம் செய்தார்.

பாப்பெனின் கணக்கு இதுதான்: பதினொரு பேர் அமைச்சரவையில் நாஜிகள் மூன்றே பேர். ஹிட்லர் ஹிண்டன்பர்க்கைச் சந்திக்கும்போது துணைச் சான்சலரும் உடனிருக்க வேண்டும். ராணுவமும் நிதியும் வெளியுறவும் நம்மவர்கள் கையில். இரண்டு மாதத்தில் ஹிட்லரை மூலையில் நெருக்கி அலறவைத்துவிடுவோம் என்று அவர் ஒரு நண்பரிடம் சொன்னார்.

அப்படிச் சொல்லக் கேட்டவர் எவால்ட் வான் க்ளைஸ்ட்-ஷ்மென்சின். போமரேனியாவின் நிலப்பிரபு, முடியாட்சி ஆதரவாளர், பாப்பெனை விடக் கடுமையான பழமைவாதி. நாடாளுமன்ற ஜனநாயகத்தை அவரும் விரும்பியவரல்ல. ஆனால் ஹிட்லரோடு எந்த உடன்பாடும் கூடாது என்று அந்த ஜனவரி முழுதும் வாதாடினார். பதவி தேடி வந்தபோதும் மறுத்தார். பின்னர் ஹிட்லருக்கு எதிரான சதிகளில் பங்கேற்று 1945 ஏப்ரல் 9 அன்று மரண தண்டனைக்கு உள்ளானார். அன்றைய சூழ்நிலையில் ஒரு பழமைவாதிக்கு வேறு வழியே இல்லை என்று பாப்பெனுக்காகப் பேசுகிறவர்கள் உண்டு. அதே வர்க்கத்தில் பிறந்து, அதே செய்திகளை அதே நாட்களில் கேட்டு, வேறு முடிவெடுத்த க்ளைஸ்டின் பெயரை அவர்களுக்குப் பதிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

மூன்று நாஜிகள் என்ற கணக்கில் பாப்பென் கவனிக்கத் தவறியது, அந்த மூவர் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை. ஹிட்லர் சான்சலர். ஃப்ரிக் நாட்டின் உள்துறை. கோரிங் பிரஷ்யாவின் உள்துறை. ஆறு மாதத்துக்கு முன் பாப்பென் பிரவுனிடமிருந்தும் செவரிங்கிடமிருந்தும் பறித்த அதே காவல்துறை, இப்போது கோரிங்கின் கையில். பெயரளவில் கோரிங்குக்கு மேலதிகாரி ஆணையர் பாப்பென். கோரிங் அவரிடம் எதையும் கேட்கவில்லை. பிப்ரவரி 22 அன்று ஏறத்தாழ 50,000 எஸ்.ஏ., எஸ்.எஸ். ஆட்களையும் அவர்களின் கூட்டாளிகளையும் துணைக் காவலர்களாக்கினார். ரைக்ஸ்டாக் தீவிபத்து, அடிப்படை உரிமைகளை முடக்கிய ஆணை, மார்ச் 23-இல் 444-க்கு 94 என்ற ஓட்டில் நிறைவேறிய அதிகாரமளிப்புச் சட்டம். ஏப்ரலில் பிரஷ்யாவின் பொறுப்பும் பாப்பெனிடமிருந்து போய், கோரிங் அந்த மாநிலத்தின் பிரதமரானார். உடனிருந்து கண்காணிக்கும் உரிமையும் சில வாரங்களில் காற்றில் போனது. ஜூலை 20 அன்று ரோமில் போப்பாண்டவர் அரசுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட பாப்பென் போனார். ஹிட்லருக்குக் கிடைத்த முதல் பெரிய சர்வதேச மரியாதை அது. பிரஷ்யாவைப் பறித்து அன்றோடு சரியாக ஓராண்டு.

துணைச் சான்சலர் அலுவலகத்தில் அவரைச் சுற்றி இருந்த இளைஞர்கள் அவரைவிடத் துணிந்தவர்கள். எட்கர் யூங், ஹெர்பெர்ட் வான் போசே, சிர்ஷ்கி, கெட்டலர் ஆகியோர் அந்த அலுவலகத்தை ஒரு எதிர்ப்பு மையமாக்கினார்கள். 1934 ஜூன் 17 அன்று மார்பர்க் பல்கலைக்கழகத்தில் பாப்பென் ஆற்றிய உரை யூங் எழுதியது. பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டதையும், ஒரு கட்சி ஆட்சியையும், முடிவே இல்லாத புரட்சி வெறியையும் அந்த உரை நேருக்கு நேர் கண்டித்தது. ரயிலில் போகும்போதுதான் பாப்பென் அதை ஊன்றிப் படித்தார், இது என் தலைக்கே ஆபத்து என்று பதறினார், ஆனால் பிரதிகள் ஏற்கெனவே வெளிநாட்டு நிருபர்களிடம் போய்விட்டன என்று சிர்ஷ்கி பின்னாளில் எழுதினார். எப்படியோ, அவர் அதை வாசித்தார். மாணவர்கள் கைதட்டினார்கள். மூன்றாம் ரைக் காலத்தில் ஜெர்மன் மண்ணில் ஆட்சியின் உள்ளிருந்து எழுந்த மிகத் துணிச்சலான பொதுப் பேச்சு அது என்றே சொல்வேன். கோயபல்ஸ் அதை ஒலிபரப்பவோ அச்சிடவோ விடவில்லை. பாப்பென் ராஜினாமா செய்வதாக மிரட்டினார். ஹிட்லர் ஆறுதல் சொன்னார். பாப்பென் பொறுத்துக்கொண்டார்.

ஜூன் 25 அன்று யூங் கைதானார். 30 அன்று எஸ்.எஸ். ஆட்கள் துணைச் சான்சலர் அலுவலகத்துக்குள் நுழைந்து, போசேயை அங்கேயே சுட்டுக் கொன்றார்கள். யூங்கும் கொல்லப்பட்டார். கத்தோலிக்கத் தலைவர் க்ளவுசனர் தன் அலுவலகத்தில், ஷ்லைகர் தன் வீட்டில் மனைவியோடு. பாப்பெனை வீட்டுக் காவலில் வைத்தார்கள்; ஹிண்டன்பர்க்கின் நண்பர் என்பதால் உயிர் தப்பியது.

அடுத்து அவர் செய்ததுதான் என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியாதது. தன் உரையை எழுதியவரும், தன் அலுவலகத்தின் அடுத்த அறையில் உட்கார்ந்து வேலை செய்தவரும் கொல்லப்பட்டு இரண்டு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. கிளர்ச்சியை அடக்கியதற்காக ஹிட்லரைப் பாராட்டி அவர் கடிதம் எழுதினார். ஜூலை 25 அன்று வியன்னாவில் ஆஸ்திரிய நாஜிகள் சான்சலர் டோல்ஃபஸைக் கொன்றபோது, அங்கே தூதராகப் போகும்படி ஹிட்லர் கேட்டார். பாப்பென் போனார். 1938 பிப்ரவரியில் ஆஸ்திரியச் சான்சலர் ஷுஷ்னிக்கை பெர்க்டெஸ்காடனுக்கு அழைத்துச் சென்று ஹிட்லரின் மிரட்டலுக்கு முன் உட்காரவைத்ததில் அவருடைய ஏற்பாடு இருந்தது. மார்ச்சில் ஆஸ்திரியா விழுங்கப்பட்டது. அந்த நாட்களில் தூதரகத்தில் அவருக்கு நெருக்கமான உதவியாளராக இருந்த கெட்டலர் காணாமல் போனார். வாரங்கள் கழித்து டான்யூப் ஆற்றில் உடல் மிதந்தது. அதன் பிறகும் 1939-இல் துருக்கிக்குத் தூதராகப் போகச் சம்மதித்தார். 1941 ஜூன் 18 அன்று, சோவியத் யூனியன் மீது ஹிட்லர் பாய்வதற்கு நான்கு நாள் முன்பு, துருக்கியோடு நட்பு ஒப்பந்தம் செய்தார். 1942 பிப்ரவரியில் அங்காரா தெருவில் அவரைக் கொல்ல வைத்த குண்டில் லேசான காயத்தோடு தப்பினார். 1944 ஆகஸ்டில் துருக்கி உறவை முறித்ததும் ஊர் திரும்பினார்.

நூரெம்பெர்க்கில் 21 பேரில் ஒருவராகக் குற்றவாளிக் கூண்டில் உட்கார்ந்தார். 1946 அக்டோபர் 1 அன்று விடுவிக்கப்பட்டார். ஷாக்ட், ஃப்ரிட்ஷே இருவரும் உடன் விடுவிக்கப்பட்டவர்கள். அவருடைய சூழ்ச்சிகளையும் மிரட்டல்களையும் நீதிபதிகள் மறைக்கவில்லை. எவ்வளவு இழிவானதாக இருந்தாலும், அரசியல் ஒழுக்கக்கேடு தங்கள் சாசனத்தின்படி குற்றமல்ல என்பதே அவர்கள் காட்டிய காரணம். சட்டப்படி அது சரியான தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன். 1947-இல் ஜெர்மன் நாஜி ஒழிப்பு நீதிமன்றம் அவரை முதல் வகைக் குற்றவாளி என்று வகுத்து எட்டு ஆண்டு உழைப்பு முகாம் விதித்தது. மேல்முறையீட்டில் 1949-இல் வெளியே வந்தார். 1952-இல் நினைவுக்குறிப்புகளை வெளியிட்டார். தவறுகள் எல்லாம் மற்றவர்களுடையவை, தன் நோக்கம் நாட்டைக் காப்பது என்பதே அந்நூலின் வாதம்.

ஹிட்லரிடம் ஏமாந்தார் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. பொடெம்பா தந்தியைப் படித்த பிறகு கொலோனுக்குப் போனவர் அவர். தன் ஆட்களின் சடலங்களைத் தாண்டி வியன்னாவுக்கும், வியன்னாவில் இன்னொரு சடலத்தைத் தாண்டி அங்காராவுக்கும் போனவர். சமூக ஜனநாயகவாதிகளின் பிரஷ்யாவை அவர் ஹிட்லரை விட அதிகம் அஞ்சினார். தொழிலாளர் ஓட்டுக்குப் பதில் சொல்லும் அரசு எதுவும் தன் வர்க்கத்துக்கு ஆகாது என்று நினைத்தார். அந்த அச்சமே அவருடைய எல்லா முடிவுகளுக்கும் அடியில் இருந்தது. 1969 மே 2 அன்று பாடன் பகுதியின் ஒபர்சாஸ்பாக்கில், தன் 89ஆம் வயதில், படுக்கையில் இறந்தார்.

அடுத்த இதழில், 1933 ஜனவரி 30 முதல் மார்ச் 5 தேர்தல் வரையிலான ஐந்து வாரங்களில் கோரிங் பிரஷ்யக் காவல்துறையை என்ன செய்தார் என்று பார்ப்போம். அதற்குள் 12, 13ஆம் அத்தியாயங்களை ஒருமுறை திரும்பப் படித்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிரவுனும் செவரிங்கும் கட்டி வளர்த்த அந்தக் காவல்துறையின் முந்தைய நிலை தெரிந்தால்தான் வரப்போகும் பக்கங்கள் விளங்கும்.